எல்லாக் கட்சிக்கும் ஒரே தட்டு

எங்கள் குவார்ட்டர்ஸில் பல்பு ஃப்யூஸ் போனால், பிளாக்கின் கடைசியில் இருந்த மெயின்டனன்ஸ் ஆபீஸில் சொல்லிவிட்டு வருவோம். மறுநாள் ஒருவர் ஏணியோடு வருவார். குழாய் ஒழுகினால் இன்னொருவர் வருவார். காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரி, பிள்ளைக்கு வயது வந்தால் பள்ளிக்கூடம், எல்லாம் ஒரே நிர்வாகம். நெய்வேலிக்கு வந்த புதிதில் அரசாங்கம் என்றால் என் மனதில் அந்த ஏணிக்காரர்தான். நல்ல மனிதர். மோர் கொடுத்தால் குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவித்தான் வைப்பார். இப்படிப்பட்ட அரசாங்கத்தைப் பற்றிக் கவலைப்பட என்ன இருக்கிறது என்றுதான் இருந்தேன்.

அரசியல் வேறு. அது வடலூரில் மைக் கட்டிப் பேசுகிறவர்களின் காரியம். என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்தில் பள்ளி ஆசிரியர். வீட்டுக்கு நாளிதழ் வரும், அவர் முடித்ததும் என் கைக்கும் வரும். ஆனால் படித்ததைப் பற்றி நான் ஏதாவது கேட்டால், "வாசிச்சாச்சுல்லா, மடிச்சு வை" என்பார். என் கணவர் அதற்கும் ஒரு படி மேல். தூத்துக்குடியில் ஒரு தனியார் ஆலையில் இருந்தவர், இங்கே சுரங்கத்தில் வேலை கிடைத்து வந்தார். நான் சொல்லப்போகிற சமயத்தில் அவருக்கு இன்னும் வேலை பர்மனெண்ட் ஆகவில்லை. ஆர்டர் வரும்வரை வீட்டில் இருமினாலும் மெதுவாக இரும வேண்டும் என்பதுபோல நடந்துகொள்வார். நானும் அப்படியே இருந்தேன். கட்டுப்பட்டு நடப்பது எனக்குக் கஷ்டமான காரியம் இல்லை. சரியாகத்தான் நடக்கிறோமா என்று அப்புறம் உட்கார்ந்து யோசிப்பதுதான் கஷ்டம்.

பெரியவள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். சின்னவன் இடுப்பில் இருந்தான். எங்கள் பிளாக் டவுன்ஷிப்பின் ஓரத்தில் இருந்ததால், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஒரு ரோட்டைக் கடக்க வேண்டும். முன்பெல்லாம் அதில் சைக்கிளும் மாட்டுவண்டியும்தான் போகும். வடலூர் நெரிசலைத் தவிர்க்க இது குறுக்குவழி என்று வெளியூர் லாரிக்காரர்கள் யாரோ கண்டுபிடித்தார்கள். அதன்பின் செம்மண்ணும் ஜல்லியும் ஏற்றிய லாரிகள் காலையும் மாலையும் பறந்தன. ஒரு நாள் என் மகளின் தண்ணீர் பாட்டில் தோளிலிருந்து நழுவி ரோட்டில் உருண்டது. அதை எடுக்கக் குனிந்தவளை நான் பின்னலைப் பிடித்து இழுத்தேன். பாட்டில் லாரிச் சக்கரத்தில் தட்டையாகிவிட்டது. அவள் அழுதது பின்னல் வலித்ததற்கு. 

மறுநாளிலிருந்து சின்னவனைத் தூக்கிக்கொண்டு நானே கூட்டிப் போனேன், கூட்டி வந்தேன். ஆனால் எத்தனை பேர் அப்படி வர முடியும்? எங்கள் பிளாக்கிலிருந்து ஒரு பட்டாளமே அந்த ரோட்டைத் தாண்டியது.

கணவரிடம் சொன்னேன். அவர் தெரிந்தவர்களிடம் விசாரித்துவிட்டு வந்து, "அந்த ரோடு டவுன்ஷிப்பைச் சேர்ந்தது இல்ல" என்றார். அப்படியானால் ரோட்டு இலாகாவுடையதுதானே என்று நானே அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். படித்தவள் இல்லையா, "தாழ்மையுடன்" என்று தொடங்கி இரண்டு பக்கம். பதில் இல்லை. கடிதத்தில் பிழை இருந்ததோ, தாழ்மை போதவில்லையோ என்று வேறு எனக்குக் கவலை.

அடுத்த வீட்டு அக்காதான் இதைக் கேட்டுச் சிரித்தாள். அவள் இந்த மண்ணுக்காரி. அவளுடைய அப்பாவின் முந்திரித் தோப்பு சுரங்கத்துக்குப் போயிற்று. அந்த வகையில் அவள் வீட்டுக்காரருக்குச் சுரங்கத்தில் வேலை கிடைத்தது. அவளுக்கும் அதே பள்ளியில் இரண்டு பிள்ளைகள். அவள் அண்ணன் காடாம்புலியூரில் ஒரு கட்சியில் இருந்தார்.

"கடுதாசி போட்டுட்டு குந்திகினு இருந்தா ஆவுமா?" என்றாள். "எங்க தோப்ப எடுத்தப்ப யாரு கடுதாசி போட்டா எங்களுக்கு? ஜீப்புல வந்தாங்க, அளந்தாங்க, போயிட்டாங்க. எங்கப்பா அதுக்கு மின்னாடி கவுருமெண்டப் பத்தி ஒரு வார்த்த பேசினது கெடையாது. பேசலன்னா வுட்டுடுவாங்களா?"

இதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டே, நேற்று மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். எனக்குத்தான் என்னவோ போல இருந்தது.

அந்தச் சமயத்தில் சட்டசபைத் தேர்தல் வந்தது. அக்கா ஒரு யோசனை சொன்னாள். வேட்பாளர் ஜீப்பில் வருவார். பெண்கள் ஆரத்தித் தட்டோடு நின்றால் எந்த வேட்பாளரும் இறங்காமல் போக முடியாது. ஆரத்தி சுற்றி முடித்துப் பொட்டு வைக்கும்வரை நகரவும் கூடாது, அது சாத்திரம். அந்தத் தட்டை நம் பிளாக் வாசலில் எடுக்காமல், ரோட்டைக் கடக்கும் இடத்தில், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் எடுத்தால்?

"அவுரு கண்ணால பாக்கட்டும். நாம ஒண்ணும் பேசவே வாணாம்."

ஒன்றும் பேச வேண்டாம் என்பது எனக்குப் பிடித்திருந்தது. வீட்டில்தான் பேச வேண்டியிருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர் கையை எடுத்துவிட்டார்.

"தட்டு எடுக்கப் போறியா?"

"எடுக்கலாமான்னு கேக்கேன்."

"நான் சொல்லுததக் கேளு. கட்சிக்காரன் ஜீப்பு முன்னால நீ நின்னா, மறுநாள் மைன்ஸ்ல அதான் பேச்சு. ஆர்டர் வரட்டும். பெறவு தட்டு எடு, தவில் வேணும்னாலும் அடி."

"ஆர்டர் வர்ற வரைக்கும் லாரி நிக்குமா?"

அவர் ரசம் ஊற்றச் சொன்னார். ரசத்தை ஊற்றும்போதுதான் எனக்கு அது தோன்றியது.

"எல்லாக் கட்சிக்கும் எடுத்தா?"

"எல்லாத்துக்கும்னா?"

"யார் வந்தாலும். ஒருத்தரையும் விடாம."

"சுயேச்சை?"

"சுயேச்சைக்கும்."

அவர் கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். "அப்படின்னா அது கட்சி இல்ல. மரியாதை" என்றார். அது அனுமதியா இல்லையா என்று நான் இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் அவரே ஆர்டர் வந்தால் வாங்கலாம் என்று நினைத்திருந்த பெரிய பித்தளைத் தாம்பாளத்தை வாங்கி வந்து, ஒன்றும் சொல்லாமல் அடுப்படியில் சாய்த்து வைத்தார்.

அக்காவைச் சம்மதிக்க வைப்பது அதைவிடச் சிரமம்.

"எங்கண்ணன் கட்சிக்கு எடுத்த கையால அவனுங்களுக்கும் எடுக்கறதா? கை கூசாது?"

"நீங்க கூட நின்னாப் போதும்க்கா. அவங்களுக்கு நான் எடுக்கேன்."

"நிக்கறேன். சிரிக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

முதலில் அவள் அண்ணன் கட்சி வேட்பாளர் வந்தார். நேரத்தை அண்ணன் மூலமாக அக்காவே பேசி வைத்திருந்தாள். ஏழெட்டுப் பெண்கள் ரோட்டோரம் நின்றோம். எல்லாருக்கும் ஒரே கை எடுக்கட்டும் என்று அக்கா தட்டை என் கையில் கொடுத்து, அவள் பொட்டுக் கிண்ணத்தை வைத்துக்கொண்டாள். ஜீப் நின்றது. வெள்ளை வேட்டியோடு அவர் இறங்கிக் கைகூப்பி நின்றார். வெற்றிலை மேல் கற்பூரத்தை ஏற்றினேன். ஒரு லாரி போயிற்று, அணைந்தது. மறுபடி ஏற்றினேன். இன்னொரு லாரி. அவருடைய துண்டு பறந்து தொண்டர் ஒருவர் முகத்தில் விழுந்தது. அடுத்த தீக்குச்சி பற்றவேயில்லை. அவர் பொறுமையாகவே நின்றார். நின்றதால் பேச்சுக் கொடுத்தார்.

"உங்க ஓட்டெல்லாம் நமக்குத்தானேம்மா?"

எல்லோரும் எல்லோரிடமும் கேட்கிற கேள்வி. சிரித்துத் தலையாட்டினால் போதும். நானோ கேட்ட கேள்விக்குச் சரியான விடை சொல்லிப் பழகியவள்.

"எனக்கு ஓட்டு ஊர்ல இருக்குங்க சார். திருநெல்வேலிப் பக்கம்."

நான் வாயைத் திறந்ததும் மற்றவர்களுக்கும் உண்மை பேசும் ஆசை வந்துவிட்டது. "எங்களுக்கு மதுரைங்க." "எங்களுக்கு ஈரோட்டுப் பக்கமுங்க." வரிசையாக ஒப்பித்தோம். எங்கள் டவுன்ஷிப்பில் அப்போது நிறையக் குடும்பங்கள் அப்படித்தான். சம்பளம் இங்கே, பிள்ளைகள் பிறந்தது இங்கே, வாசலில் வைத்த பலாக்கன்று காய்ப்பது இங்கே. வாக்காளர் பட்டியலில் பெயர் மட்டும் ஊரில். கணக்கெடுக்க யாராவது வந்தால், "நாங்க ஊர்லயே வச்சிருக்கோம்" என்று நகையை லாக்கரில் வைத்ததுபோல் பெருமையாகச் சொல்லி அனுப்புவோம். ஓட்டுப் போட ஊருக்கு யாரும் போனதில்லை. பெயரை இங்கே மாற்றினால் ஊர் நம்மைக் கைவிட்டுவிடும் என்று ஒரு பயம், வேறொன்றுமில்லை.

வேட்பாளர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். "ஏன்யா, இங்க ஓட்டுக்காரங்களே யாரும் இல்லியா?"

"நான் இருக்கறேன்" என்றாள் அக்கா. குரலில் தணல். "எங்க வூட்டுல நாலு ஓட்டு. நில்லுங்க, பொட்டு வைக்கல இன்னும்."

ஜீப்புக்குத் திரும்பியவர் நின்றார். அந்த நேரத்தில் பள்ளிக்கூட மணி அடித்தது. பிள்ளைகள் ஓடி வந்து எதிர்ப்பக்கம் கும்பலாக நின்றார்கள். என் மகள் எங்களைப் பார்த்துவிட்டாள். கற்பூரத் தட்டோடு அம்மா ரோட்டில் நிற்பதைப் பார்த்தால் எந்தப் பிள்ளைதான் ஓடி வராது? பாதி ரோட்டுக்கு வந்துவிட்டாள். லாரி ஹாரன் அடித்ததே தவிர வேகத்தைக் குறைக்கவில்லை. என் இரண்டு கையிலும் தட்டு. அந்த வெள்ளை வேட்டிக்காரர்தான் இரண்டே எட்டில் போய் அவளை அள்ளிக்கொண்டு பின்னால் வந்தார். லாரி கடந்த காற்றில் ஆரத்தித் தண்ணீர் தளும்பி என் புடவையெல்லாம் சிவப்பாயிற்று.

அவர் குழந்தையைக் கீழே விடாமல் கொஞ்ச நேரம் நின்றார். மூச்சு வாங்கியது.

"தெனம் இப்படித்தானாம்மா?"

நான் தலையாட்டினேன். 

"ஜெயிச்சாலும் தோத்தாலும் இங்க ஒரு வேகத்தடை" என்று சொல்லிவிட்டுப் போனார். எந்தக் கட்சி என்பதெல்லாம் எனக்கு மறந்து போயிற்று. என் பிள்ளையைத் தூக்கிய கை அது. அக்காவோ, "பாத்தியா எங்க ஆள" என்று ஒரு வாரம் நடையையே மாற்றிக்கொண்டாள்.

இரண்டாவது வேட்பாளர் வந்தபோது நான் சிரித்துத் தலையாட்டக் கற்றிருந்தேன். முந்தியவர் வேகத்தடை சொல்லியிருக்கிறார் என்று கேள்விப்பட்டு இவர் மேம்பாலமே கட்டுவதாகச் சொன்னார். அக்கா சொன்னபடியே சிரிக்கவில்லை. ஆனால் அவர் போனதும், "பாலத்துல ஏறி எறங்கறதுக்குள்ள புள்ளங்க பாஸாயிடும்" என்றாள்.

மூன்றாவதாக வந்தவர்தான் சுயேச்சை. ஜீப் இல்லை, சைக்கிள். கூட ஒருவர், கேரியரில் ஒரு விளம்பரத் தட்டி. பக்கத்துக் கிராமத்தில் சைக்கிள் கடை வைத்திருப்பவராம். நாங்கள் தட்டோடு நிற்பதைப் பார்த்துப் பின்னால் யாரோ பெரியவர் வருகிறார் என்று நினைத்து ஒதுங்கிப் போகப் பார்த்தார்.

"உங்களுக்குத்தாங்க" என்றேன்.

"எனக்கா?" என்றார். "எனக்கு ஒரு ஊர்லயும் யாரும் ஆரத்தி எடுத்ததில்லீங்களே." சைக்கிளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார். சைக்கிளுக்கும் சேர்த்துச் சுற்றினேன். தட்டில் காசு போடச் சட்டைப் பையைத் தடவியவரிடம் அக்கா, "அத்த வுடுங்கண்ணா" என்றாள். விஷயத்தைச் சொன்னோம். அவர் வாக்குறுதி எதுவும் தரவில்லை. ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார்.

மறுநாள் காலை நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனபோது, அவர் கழுத்தில் இருந்த சிவப்புத் துண்டை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடு ரோட்டில் நின்றார். லாரி நின்றது. பிள்ளைகள் போனார்கள். சாயங்காலமும் வந்தார். ஓட்டுப்பதிவு நாள்வரை தினமும் வந்தார். பிரச்சாரத்துக்கு எப்போது போனாரோ தெரியாது.

ஓட்டுப்பதிவு அன்று எங்கள் பிளாக்கில் விடுமுறைக் களை. பாதி வீட்டில் வடை. அக்கா பட்டுப்புடவை கட்டி நான்கு ஓட்டையும் அழைத்துக்கொண்டு போனாள். நான் வாசலில் நின்றேன். பி.ஏ. படித்தவள், கைநாட்டு வைக்கிறவர்கள்கூடப் போகிறார்கள், எனக்குப் போக ஓர் இடமில்லை. சைக்கிள் கடைக்காரருக்குப் போட வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது. அவர் ஜெயிக்க மாட்டார் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் எண்ணும் இடத்தில் ஒரு சீட்டு கூடுதலாக இருந்திருக்கும்.

யார் ஜெயித்தார்கள் என்பது இங்கே முக்கியமில்லை. சைக்கிள் கடைக்காரர் கடைக்குத் திரும்பினார், அவருக்கும் பிழைப்பு இருக்கிறதே. ரோடு மறுபடி பழையபடி ஆயிற்று. அம்மாக்கள் நாங்கள் முறை வைத்து நின்றோம்.

என் கணவரின் அதிகாரி ஒரு நாள் அவரைக் கூப்பிட்டு, "உங்க வீட்டம்மாதான் தட்டு எடுத்தாங்களாமே?" என்று கேட்டிருக்கிறார். அவர் வீட்டுக்கு வந்து சொன்னார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எல்லாருக்கும் எடுத்தா சார்னேன். சிரிச்சாரு."

"எப்படிச் சிரிச்சாரு?"

"சிரிச்சாருன்னா சிரிச்சாருதான். அதுல என்ன எப்படி?"

அந்தச் சிரிப்பு எந்த மாதிரியானது என்று நான் பல நாள் அவரிடம் வேறு வேறு விதமாகக் கேட்டேன். அவர் சலித்துப்போய் ஒரு தடவை சிரித்தே காட்டினார். அதிலும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு நாள், தார் உருக்கும் புகையோடு ஆட்கள் வந்தார்கள். ஓடிப் போய்ப் பார்த்தோம். வேகத்தடை போட்டுவிட்டார்கள், பிள்ளைகள் கடக்கும் இடத்தில் இல்லை. கொஞ்சம் தள்ளி, டீக்கடைக்கு எதிரே. இங்கே போடச் சொல்லி எங்களுக்கு உத்தரவு என்றார்கள் அந்த ஆட்கள். இப்போது லாரிகள் டீக்கடை முன் மெதுவாக ஏறி இறங்கின. இறங்கிய எரிச்சலில் டிரைவர்கள் வேகத்தை மிதித்தார்கள். அந்த வேகம் சரியாக எங்கள் பிள்ளைகள் நிற்கும் இடத்தில் வந்து உச்சத்துக்குப் போயிற்று.

அன்று நான் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அழுதேன். கேட்காமல் இருந்திருந்தால் பழைய வேகமாவது இருந்திருக்கும். தட்டு எடுத்தது தப்போ, நம்மைப் போன்றவர்கள் இதிலெல்லாம் கை வைக்கக் கூடாதோ, அப்பா சொன்னபடி மடித்து வைத்திருக்க வேண்டுமோ என்றெல்லாம் ஓடியது.

கணவருக்கு அன்று நைட் ஷிப்ட். பகலில் தூங்க வேண்டியவர் சட்டையை மாட்டிக்கொண்டு போய், பள்ளிக்கூடம் விடும்வரை ரோட்டோரம் நின்று பார்த்துவிட்டு மகளோடு வந்தார். செருப்பைக் கழற்றும்போது, குனிந்தபடியே சொன்னார்:

"அந்த ரோட்டு ஆபீஸ்ல சாயங்காலம் ஆள் இருக்காது. சாப்பாட்டுக்கு முன்னால போயிரு. சின்னவன இங்க விட்டுட்டுப் போ, நான் பாத்துக்கிடுதேன்."

"ஆர்டர்?"

"வரும்போது வரட்டும்."

மறுநாள் நான் கிளம்பும்போது அக்கா வாசலில் நின்றாள். "கொயந்தய ஏன் வுட்டுட்டு வர? தூக்கிக்கோ. அது ஒரு சத்தம் போட்டுச்சுன்னா நம்மள சீக்கிரம் கூப்ட்டு கேப்பாங்க."

கணவர் என்னைப் பார்த்தார். நான் சின்னவனை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

அவன் அங்கே சத்தமே போடவில்லை, தூங்கிவிட்டான். பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். கூப்பிட்ட அலுவலர் வயதானவர், களைப்பானவர். நான் தாழ்மையுடன் என்று தொடங்கவில்லை. இங்கே டீக்கடை, இங்கே மேடு, இங்கே பிள்ளைகள் என்று அவர் மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டையும் பேனாவையும் வைத்துக் காட்டினேன். அவர் பேப்பர் வெயிட்டைக் கொஞ்சம் நகர்த்தி, "இங்கயா?" என்றார். "இன்னும் கொஞ்சம்" என்றேன். நகர்த்தினார். வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டு, "யார் சொன்னாங்கன்னு எழுதணும். உங்க வீட்டு சார் எந்த செக்‌ஷன்?" என்று கேட்டார்.

டவுன்ஷிப்பில் நான் எப்போதுமே 'சார் எந்த செக்‌ஷன்'தான். ஆஸ்பத்திரியிலும் சரி, பள்ளிக்கூடத்திலும் சரி. சொல்லலாமா, சொன்னால் அந்தச் சிரித்த அதிகாரிவரை போகுமா, சொல்லாவிட்டால் இவர் வராமல் இருந்துவிடுவாரா? அக்கா முழங்கையால் இடித்தாள்.

"அவங்க இல்லீங்க, நான்தான் சொல்றேன்" என்று என் பெயரைச் சொன்னேன். குவார்ட்டர்ஸ் நம்பரைச் சொன்னேன். "அந்த ஸ்கூல்ல ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையோட அம்மா."

அவர் எழுதிக்கொண்டே, "ஓட்டு இங்கதானாம்மா?" என்றார். சும்மா கேட்டாரோ என்னவோ.

"அடுத்த தடவைக்கு இங்கதான் சார்."

அவர் இரண்டு நாளில் வரவில்லை, இரண்டு வாரத்திலும் வரவில்லை. இன்னொரு தடவை போனோம். அப்புறம் ஒரு நாள் குடையோடு வந்து, பள்ளிக்கூடம் விடும்வரை டீக்கடையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார். அரைப் பரீட்சை லீவில் சரியான இடத்தில் இரண்டாவது மேடு போட்டார்கள். முதல் மேட்டை யாரும் எடுக்கவில்லை, அது இன்றும் டீக்கடைக்கு நல்ல வியாபாரம். கணவரின் ஆர்டரும் அதன் போக்கில் வந்து சேர்ந்தது.

பள்ளி திறந்த அன்று அக்காவின் பிள்ளைகளோடு மகளை அனுப்பிவிட்டு இந்தப் பக்கம் நின்றேன். ஒரு லாரி வந்து, முனகிக்கொண்டு மெதுவாக மேட்டில் ஏறியது. பிள்ளைகள் காத்திருந்து, அது போன பிறகு நடந்தார்கள். அவள் திரும்பிப் பார்த்து, வீட்டுக்குப் போ என்று எனக்குக் கையைக் காட்டினாள். அடுத்த லாரியும் மெதுவாகப் போகிறதா என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.